நிற்காத மணியும் நிறுத்தும் மாத்திரையும்

புற்றுநோய் என்ற பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். "அந்த வியாதியாம்" என்று பெயரைச் சொல்லாமலே ஜாடை காட்டுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். ஆபரேஷன், கரண்ட் வைப்பது, தலைமுடி கொட்டிப்போகும் ஊசி... இந்த மூன்றும்தான் நமக்குத் தெரிந்த வைத்தியம்.

ஆனால், தினமும் சாப்பாடு ஆனதும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, மல்லாட்டைக் கொல்லைக்குக் களை வெட்டவும் போய்வருகிற புற்றுநோய்க்காரர்கள் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? எங்கள் தெருவிலேயே ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் புது மருந்துகள் எல்லோருக்கும் பலிப்பதில்லை. யாருக்குப் பலிக்கும் என்பதைப் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். பலிக்கிறவர்களுக்கும் நாள் தவறாமல் சாப்பிட்டால்தான் பலிக்கும். இந்த இரண்டையும் நாம் ஏன் மறக்கக் கூடாது என்று புரிந்துகொள்ள, கொஞ்சம் விஞ்ஞானம் வேண்டும். பயப்படாதீர்கள், எல்லாம் நம் வீட்டு விஷயம்தான்.

வாசலில் ஒரு காலிங் பெல்

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் ஒரு சின்ன வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காலிங் பெல் ஸ்விட்ச். யாராவது வந்து அழுத்தினால் கம்பி வழியாகக் கரண்ட் ஓடி உள்ளே மணி அடிக்கிறது. விரலை எடுத்தால் மணி நின்றுவிடுகிறது.

காய் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொள்கிறோம். காயம் ஆறப் புதுத்தோல் வேண்டுமே! அப்போது காயத்தின் பக்கத்திலிருந்து 'வளர்ச்சிக் காரணி' என்கிற ஒரு புரதம் வந்து, தோல் செல்லின் வாசலில் உள்ள ஸ்விட்சில் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஸ்விட்சும் ஒரு புரதம்தான். உள்ளே கம்பிபோல வரிசையாக வேறு பல புரதங்கள். ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, செய்தி செல்லின் நடுவில் இருக்கும் உட்கருவுக்குப் போய்ச் சேரும். "இரண்டாகப் பிரி" என்பதுதான் அந்தச் செய்தி. செல் பிரிந்து புதுத்தோல் வளரும். காயம் ஆறியதும் மணி நின்றுவிடும். செய்தி கொண்டுபோகும் இவற்றைத்தான் சமிக்ஞைப் புரதங்கள் என்கிறார்கள்.

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும்தானே ஞாபகம் வருகிறது? "அப்படியானால் நோய்க்காரருக்குப் பருப்பு, முட்டையெல்லாம் நிறுத்திவிடலாமா?" என்று கேட்டுவிடாதீர்கள். நாம் சாப்பிடும் புரதத்தை வயிறு தூள்தூளாக உடைத்துவிடும். அந்தத் தூளை வைத்து உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொள்கிறது. பருப்பைக் குறைத்தால் ஸ்விட்ச் குறையாது, நோயாளியின் தெம்புதான் குறையும்.

புற்றுநோயில் என்ன ஆகிறது? சிலருக்கு இந்த ஸ்விட்ச் அழுந்தியபடியே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. வாசலில் யாருமே இல்லை, மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது. செல்லும் பிரிந்துகொண்டே போகிறது.

வழக்கமான கீமோ ஊசி, வேகமாகப் பிரிகிற செல்களை எல்லாம் தாக்கும். முடியின் வேரிலும் குடலின் உட்புறத்திலும் நல்ல செல்களே வேகமாகப் பிரிவதால் அவையும் அடிபடுகின்றன. முடி கொட்டுவதும் வாந்தி வருவதும் இதனால்தான். புது மருந்துகள் ஒட்டிக்கொண்ட ஸ்விட்ச் எதுவோ அதைத் தேடிப்போய் அடக்குகின்றன. அதனால் அவற்றைக் 'குறிவைத்த சிகிச்சை' என்கிறார்கள்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு கண்டுபிடிப்பு

இந்தக் கதையில் ஒரு தாய்க்கு முக்கியமான பங்கு உண்டு.

1960ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பிலடெல்ஃபியா நகரத்தில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், ஒரு வகை ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்லில் மட்டும் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 'நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா' என்று அந்த நோய்க்குப் பெயர். சுருக்கமாக சி.எம்.எல். என்பார்கள். குட்டையானது ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

விளக்கியவர் சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் ஜேனட் ரவுலி. நான்கு ஆண் பிள்ளைகளுக்குத் தாய். பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பல வருஷம் வாரத்தில் சில நாள் மட்டும் வேலைக்குப் போய்வந்தவர். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஜோடி சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாராம். "அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்! அந்த விளையாட்டில்தான் 1973இல் விடை கிடைத்தது. 9ஆம் எண் குரோமோசோமும் 22ஆம் எண் குரோமோசோமும் ஒன்றுக்கொன்று துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன.

தையலில் இரண்டு துணியின் ஓரம் தப்பாகச் சேர்ந்து தைக்கப்பட்ட மாதிரி, வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டிய இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதிலிருந்து பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற ஒரு புரதம் உண்டாகிறது. அதுதான் நிற்காமல் மணி அடிக்கும் ஸ்விட்ச். வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் லட்சக்கணக்கில் பெருகுவது இதனால்தான்.

இந்தத் தப்புத் தையல் பிறந்த பிறகு ஒரு செல்லில் நேர்வது. தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை. தொட்டாலும் ஒட்டாது. பெண் பார்க்க வருகிறவர்கள் "அவங்க அம்மாவுக்கு ரத்தப் புத்தாமே" என்று இழுத்தால், இந்த நோயைப் பொறுத்தவரை இதை எடுத்துச் சொல்லுங்கள்.

எந்த ஸ்விட்சுக்கும் கரண்ட் வேண்டும் அல்லவா? இந்தப் புரதத்துக்குச் சக்தி வந்து உட்காரும் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அந்தக் குழியில் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது இமாடினிப் என்ற மருந்து. கரண்ட் இல்லையென்றால் மணி ஏது? அமெரிக்க டாக்டர் பிரையன் ட்ரூக்கர் 1998இல் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். 2001 மே மாதம் அங்கே விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் சி.எம்.எல். வந்தவர்களில் பெரும்பாலோர் 3 முதல் 5 ஆண்டுகளில் போய்விடுவார்கள். இமாடினிப் கொடுத்துக் கவனித்த பெரிய ஆய்வில், 5 ஆண்டு கழித்து நூற்றுக்கு 89 பேர் உயிரோடு இருந்தார்கள்.

மேல்நாட்டில் இந்த நோய் பெரும்பாலும் 60 வயதை ஒட்டி வருகிறது. நம் நாட்டிலோ 30, 40 வயதிலேயே வருகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது!

சென்னையில் தொடங்கிய வழக்கு

மருந்து வந்துவிட்டது, விலை? நோவார்டிஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். அதே மருந்தை நம் நாட்டுக் கம்பெனிகள் மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தயாரித்து விற்றன. நமக்கு மட்டும்தான் தயாரிக்கும் உரிமை என்று கேட்டு நோவார்டிஸ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 1998இல் மனுப் போட்டிருந்தது. மும்பையில் உள்ள புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் சில மருந்துக் கம்பெனிகளும் ஆட்சேபித்தன.

தெரிந்த மருந்தையே வேறு வடிவில் செய்து, பலன் கூடியதாகக் காட்டாமல் புதுக் காப்புரிமை கேட்க முடியாது என்று நம் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதையும் காட்டி 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் மனுவைத் தள்ளியது. அந்தச் சட்டப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கும் 2007 ஆகஸ்டில் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது.

காப்புரிமை இல்லாவிட்டால் புது மருந்து தேடப் பணம் எங்கிருந்து வரும் என்பது நிறுவனத்தின் வாதம். நம் நாட்டில் பல ஆயிரம் பேருக்கு அவர்கள் இலவசமாக மாத்திரை கொடுத்துவந்ததும் நிஜம். ஆனாலும் இனாமாகக் கிடைப்பதை நம்பியிருப்பது வேறு, கடையில் வாங்குகிற விலைக்குக் கிடைப்பது வேறு இல்லையா? இன்றைக்கு விலை அந்த 8,000 ரூபாயிலிருந்தும் வெகுவாக இறங்கியிருக்கிறது.

"நல்லாத்தானே இருக்கேன்!"

எங்கள் தெருப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். வயது 36. இரண்டு குழந்தைகள். இடது பக்க விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலும் வயிறு நிறைந்துவிடுகிறது, எப்போதும் அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேலைக் களைப்பு என்று எல்லோரும் நினைத்தோம். ரத்தம் பார்த்தபோது வெள்ளை அணு 1,80,000. இருக்க வேண்டியது 4,000 முதல் 11,000 வரைதான். மண்ணீரல் வீங்கியிருந்தது. மேல் பரிசோதனையில் சி.எம்.எல். என்று தெரிந்து, இமாடினிப் 400 மி.கி. தினம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டே மாதத்தில் ரத்தம் சீராகிவிட்டது. வயிற்றுப் பாரம் போய்விட்டது. ஒரே சங்கடம், காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீக்கம். மாமியார்கூட, "ராத்திரியெல்லாம் அழுதியா என்ன?" என்று கேட்பார்களாம். ஒன்றரை வருஷம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் மூத்த பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. போட்டோவில் முகம் வீங்கித் தெரியக் கூடாதென்று மாத்திரையை நிறுத்தினாள். விழா முடிந்தும் தொடரவில்லை.

"ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்கக்கா. நல்லாத்தானே இருக்கேன்! அதுக்குப் போயி வருஷம் பூரா மாத்திரை எதுக்கு? ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி வேற போவுது" என்றாள் என்னிடம்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் 60,000. பதறிப்போனாள். டாக்டர் கோபிக்கவில்லை. "ஏம்மா, ஸ்விட்சு ரிப்பேர் ஆகலை, மாத்திரை அதைக் கையால பொத்திக்கிட்டு இருந்துச்சு. நீ கையை எடுத்துட்டே" என்றாராம். மாத்திரையை மறுபடி தொடங்கினாள். நல்லவேளையாக அது இன்னும் கேட்டது. அணுக்கள் இறங்கின. இப்போது மாத்திரை டப்பா அவள் வீட்டு அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இளைய மகன் காலண்டரில் தினமும் ஒரு கோடு போடுகிறான்.

'நல்லவேளை' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால், எஞ்சியிருக்கும் கெட்ட செல்களில் சில, குழியின் வடிவத்தையே மாற்றிக்கொண்டு மாத்திரைக்கு இடம் கொடுக்காமல் போகக்கூடும். பிறகு டாசாடினிப், நிலோடினிப் என்று வேறு மாத்திரைகளுக்குப் போக வேண்டியிருக்கும். 2010இல் லண்டனில் 87 பேரைக் கவனித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாத்திரையைத் தவறவிட்டவர்களுக்கு நோய் ஆழமாக அடங்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. பத்தில் ஒன்று என்றால் மாதத்தில் 3 நாள்தான்!

பல வருஷம் நோய் நன்றாக அடங்கி இருந்தால், டாக்டரே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அது அடிக்கடி ரத்தத்தில் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். அளவைப் பார்த்துக்கொண்டே செய்வது. நாமாக நிறுத்துவது அல்ல.

மார்பகப் புற்றில் கேட்க வேண்டியவை

சி.எம்.எல். அபூர்வமான நோய். நம்மில் அதிகம் பேருக்கு வருவது மார்பகப் புற்று. அதிலும் ஸ்விட்ச் சமாசாரம் உண்டு.

கட்டியிலிருந்து சதை எடுத்து பயாப்ஸி செய்யும்போது மூன்று பரிசோதனைகள் முக்கியம்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதல் இரண்டும் பெண் ஹார்மோன்கள் வந்து அழுத்தும் ஸ்விட்சுகள். பாதிக்கு மேற்பட்ட மார்பகக் கட்டிகளில் இவை இருக்கும். இருந்தால் டாமாக்ஸிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளை 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டுவரை கொடுப்பார்கள். விலை அதிகமில்லாத மாத்திரைகள்தான். பாதியில் நிறுத்துகிறவர்கள் இதிலும் உண்டு.

ஹெர்-2 என்பது செல்லின் வாசலில் இருக்கும் ஸ்விட்ச். எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். நூறு மார்பகப் புற்றில் 15 முதல் 20 வரை இது அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். ஒரு வாசலில் நூறு ஸ்விட்ச் இருந்தால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தானாகவே மணி அடிக்காதா? இந்த வகைக் கட்டி வேகமாகப் பரவும் என்பதை 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் என்ற அமெரிக்க டாக்டரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். 1998இல் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து வந்தது. அது ஸ்விட்சை வெளிப்புறமாக மூடிவிடுகிறது. உடம்பின் காவல் செல்களையும் கூப்பிட்டுக் கட்டியைக் காட்டிக் கொடுக்கிறது. 2014இல் பெங்களூருவின் பயோகான் நிறுவனம் அதே மாதிரி மருந்தை நம் நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ரிப்போர்ட்டில் ஹெர்-2 '3+' என்றால் ஸ்விட்ச் பெருகியிருக்கிறது என்று அர்த்தம். '2+' என்றால் சந்தேகம், இன்னொரு பரிசோதனை செய்துதான் தீர்மானிக்க வேண்டும். '2+' ரிப்போர்ட்டோடு சும்மா இருந்துவிடக் கூடாது. இந்த ஊசி வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஆரம்ப நிலையில் பிடிபட்டவர்களுக்கு ஓராண்டு போடப்படும். இதயம் பலவீனப்பட வாய்ப்பு இருப்பதால் தொடங்குமுன்னும் நடுவிலும் எக்கோ எடுப்பார்கள்.

நுரையீரல் புற்றிலும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அது பழுதாகிவரும் நுரையீரல் புற்று, பீடி சிகரெட்டே தொடாத பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அதற்கும் மாத்திரை இருக்கிறது.

எல்லாப் புற்றுக்கும் இப்படி ஒரே ஸ்விட்ச் கிடையாது. பல கட்டிகளில் நாலைந்து கம்பிகள் ஒரே நேரத்தில் பழுதாகியிருக்கும். அவற்றுக்கு ஆபரேஷனும் கரண்டும் கீமோவும்தான் இன்னும் உயிர் காக்கின்றன. "அவளுக்கு மாத்திரையிலேயே குணமாச்சே, உனக்கு எதுக்கு ஆபரேஷன்?" என்று யாரும் யாரையும் தடுக்க வேண்டாம்.

எங்கே போவது?

திண்டிவனத்துக்காரர்கள் பாண்டிச்சேரி பஸ் ஏறினால் கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி. விழுப்புரத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம். அங்கே முதலில் காட்டி, வேண்டுமானால் மேலே போகலாம். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் மூலம் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. டாக்டர் சாந்தா 1955இல் அங்கே சேர்ந்து, 2021இல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்தார்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி உண்டு. உங்களுக்கு எழுதிய மருந்து அதில் வருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* பயாப்ஸி ரிப்போர்ட்டை நகைபோலப் பத்திரப்படுத்துங்கள். சதையை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள், 'பிளாக்' என்பார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதானால் அதையும் கேட்டு வாங்கிப் போங்கள். விடுபட்ட பரிசோதனையை அதிலிருந்தே செய்யலாம்.

* "இந்தக் கட்டிக்கு ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பார்த்தாச்சா டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

* இமாடினிப்பைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டும்.

* கண் வீக்கம், கெண்டைக்காலில் இழுப்பு, தோலில் தடிப்பு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றவும் வேறு மருந்து தரவும் வழி உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* கஷாயம், நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள். சில மருந்துகள் இந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டும், சில குறைக்கும்.

* இளம் தாய்மார்கள் கவனிக்கவும்: வயிற்றில் குழந்தை இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் இமாடினிப் கூடாது. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். திட்டமிட்டு வழி செய்வார்கள்.

* வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் பட்டுப்புடவைக்கு முன்னால் மாத்திரைப் பட்டையைப் பெட்டியில் வையுங்கள். இரண்டு நாள் கூடுதலாகவே இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது இப்படித் தினம் மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருந்தால், "இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காப்பி சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேளுங்கள், போதும்.